கொக்கு, நாரை படம் எடுக்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

தம்பி, தங்கச்சி... கேமரா வாங்கியாச்சு, பெரிய லென்ஸும் வாங்கியாச்சு. மார்கழி பொறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமா டிபன் சாப்பிட்டுட்டு, பத்து மணிக்கு வேடந்தாங்கல்ல போய் இறங்க வேண்டியது. டவர் மேல ஏறி, தூரத்து மரத்துல வெள்ளை வெள்ளையா தெரியுறதை எல்லாம் சடசடன்னு அடிச்சுத் தள்ள வேண்டியது. சாயங்காலம் வந்து, "அக்கா, ஒண்ணும் சரியா வரலையே"ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட வேண்டியது. பறவை மேல ஒரு தப்பும் இல்ல. நீ போன நேரம் தப்பு, நின்ன இடம் தப்பு.

பறவைப் படம் பழகுறவங்களுக்கு நீர்ப்பறவையை விட்டா நல்ல வாத்தியார் கிடையாது. உருவத்துல பெருசு, வெட்டவெளியில நிக்கும், இரை பார்க்கும்போது ஆடாம அசையாம ஒரே இடத்துல நிக்கும். ஒரே ஒரு விஷயம்தான்: துரத்தினா ஒண்ணும் சிக்காது, உட்கார்ந்தா எல்லாம் கிட்ட வரும். நான் சொல்லப்போற அத்தனை டிப்ஸும் இந்த ஒண்ணைச் சுத்தித்தான். வேலை, வீடு, பிள்ளைங்கன்னு ஓடுற உனக்கு வாரத்துல ஒரு காலைப்பொழுது கிடைச்சாலே பெருசுன்னு தெரியும். அதை வீணாக்காம இருக்கத்தான் இவ்வளவும் சொல்றேன்.

எங்கே, எப்போ?

1. உன் ஊர் ஏரியை விட்டுட்டு ஓடாதே. கேமரா கைக்கு வந்த முதல் மாசமே கோடியக்கரை, பழவேற்காடுன்னு கிளம்பிடுறீங்க. லீவு போட்டு, ரூம் போட்டு, அங்க போய் மெனுவுல செட்டிங் தேடிக்கிட்டு இருக்கிறதுக்குள்ள நல்ல வெளிச்சம் போயிடுது. பழகுறதை வீட்டுப் பக்கத்துல பழகு. ஏரி, குளம், கண்மாய், வாய்க்கால் ஓரம் எதுவா இருந்தாலும் சரி. மடையான் நிக்காத வாய்க்கால் நம்ம பக்கம் உண்டா? ஊருக்குள்ள இருக்கிற பறவை ஆள் நடமாட்டத்துக்குப் பழகியிருக்கும், கிட்டப் போக விடும். ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடலாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனா வெயில் எங்கிருந்து விழுது, பறவை எந்த மடையில இறங்குதுன்னு தானா மனசுல பதியும்.

ராம்சர் பட்டியல்னு ஈரநிலங்களுக்கு ஒரு உலகப் பட்டியல் இருக்கு. 2022-ல மட்டும் அதுல தமிழ்நாட்டு இடங்கள் 13 சேர்ந்துச்சு. பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் எல்லாருக்கும் தெரியும். ஈரோடு பக்கம் வெள்ளோடு, திருவாரூர் மாவட்டத்துல வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், ராமநாதபுரத்துல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், குமரியில சுசீந்திரம் தேரூர், இதெல்லாம் அதுல இருக்குன்னு பக்கத்து ஊர்க்காரங்களுக்கே தெரியறதில்ல. உன் வீட்டுக்குக் கிட்ட எது இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் தூரத்து ஊருக்கு டிக்கெட் போடு.

2. உழவு ஓட்டுற வயலைத் தேடிப் போ. இதைவிடக் குறுக்குவழி கிடையாது. டிராக்டர் சேத்தைப் புரட்டும்போது புழு, பூச்சி, தவளை எல்லாம் மேல வரும். உண்ணிக் கொக்கு, சின்னக் கொக்கு, மடையான் எல்லாம் சக்கரத்துக்குப் பின்னாடியே கூட்டமா ஓடும். மனுஷனைப் பார்த்துப் பறக்கிற பறவை டிராக்டரைப் பார்த்துப் பயப்படாது. பறக்கிறது, இறங்குறது, இரைக்குச் சண்டை போடுறது எல்லாம் அரை மணி நேரத்துல கிடைச்சிடும். பெரிய லென்ஸ் இல்லாதவங்களுக்கும் இதுதான் இடம். வயல், டிராக்டர், கொக்குக் கூட்டம்னு செல்போன்லயே அருமையான படம் வரும். ஆனா வயல்காரரைக் கேட்காம வரப்புல கால் வைக்காதே. "ஐயா, கொக்கு படம் எடுக்கலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா, எந்த மடையில நிறைய இறங்கும்னு அவரே காட்டிக் கொடுப்பார். நாத்து விட்ட வயல்ல இறங்கவே கூடாது.

3. சரணாலயத்துல என்ன கிடைக்கும்னு தெரிஞ்சுட்டுப் போ. வேடந்தாங்கல்ல பறவை ஏரிக்குள்ள தண்ணியில நிக்கிற மரத்துல கூடு கட்டும், நீ கரையில நிப்பே. அதனால கண்ணு, மூக்குன்னு கிட்டத்துப் படம் அங்க எதிர்பார்க்காதே. குச்சியைக் கவ்விட்டு வர்ற நாரை, குஞ்சுக்கு இரை கொண்டு வர்ற கூழைக்கடா, தலைக்கு மேல வட்டமடிக்கிற கூட்டம், இதுக்குத்தான் அந்த இடம். 1798-லயே, லயனல் பிளேஸ் கலெக்டரா இருந்தப்போ, பறவையைச் சுடக்கூடாதுன்னு ஊர் ஜனங்க உத்தரவு வாங்கின ஏரி அது. எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்கு அப்பவே தெரியும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்க மாட்டாங்க. அப்படிப்பட்ட ஊருக்குள்ள போய் நீ சத்தமா போன்ல பேசிக்கிட்டு நிக்காதே. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சீசன்தான். ஆனா மழை பொய்த்த வருஷம் ஏரி காஞ்சு கிடக்கும், பறவையும் வராது. தண்ணி இருக்கான்னு கேட்டுட்டுக் கிளம்பு.

4. சூரியன் உதிச்ச நேரத்துல இருந்து எட்டரை வரை. அதுக்கு மேல மூட்டை கட்டு. சாயங்காலம்னா நாலரைக்கு மேல. உச்சி வெயில்ல வெள்ளைக் கொக்கோட இறகு சுண்ணாம்பு அடிச்ச சுவரா வெளுத்துப் போயிடும், கண்ணு இருட்டுக் குழியா போயிடும். இன்னொண்ணு, யாரும் சொல்லித் தர்றதில்ல: வெயில் ஏறினதும் தண்ணி மேலயும் உப்பளத்து மேலயும் கானல் எழும்பும். என்ன விலை லென்ஸா இருந்தாலும் தூரத்துப் பறவை நெளிஞ்சு, மசமசன்னுதான் வரும். ஃபோகஸ் போச்சுன்னு லென்ஸைத் தூக்கிக்கிட்டுக் கடைக்கு ஓடாதே. வேதாரண்யம் உப்பளத்துல பூநாரை எடுக்கப் போறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க.

5. சூரியனும் காத்தும் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். சூரியன் முதுகுப் பக்கம்னு எல்லாரும் சொல்லுவாங்க. காத்தைச் சொல்ல மாட்டாங்க. பெரிய பறவைங்க காத்துக்கு எதிரா திரும்பித்தான் எழும்பும், எதிரா திரும்பித்தான் இறங்கும். காத்து உன் முதுகுல பட்டா, இறங்குற பறவை உன்னைப் பார்த்து இறக்கையை விரிச்சுக்கிட்டு வரும். காத்து உன் முகத்துல அடிச்சா உனக்குக் கிடைக்கிறது வால்தான். மார்கழி, தை மாசத்துல நமக்கு வாடைக்காத்து வடகிழக்குல இருந்து வீசும். காலைச் சூரியன் கிழக்கே. ரெண்டும் ஏறத்தாழ ஒரே பக்கம்! அதனால அந்த மாசங்கள்ல ஏரியோட கிழக்கு, வடகிழக்குக் கரையைப் பிடி. எதிர்க்கரையில நின்னு எடுக்கிற கூட்டத்தைப் பார்த்து நீயும் அங்க போய் நிக்காதே.

கேமராவை இப்படி வை

6. வீட்டுலயே செட்டிங் போட்டுட்டுக் கிளம்பு. கரையில நின்னு மெனுவைத் தோண்டாதே. கணக்கு இதுதான்:

• சும்மா நிக்கிற கொக்குக்கு ஷட்டர் ஸ்பீடு 1/500 போதும்.
• நடந்து இரை தேடுறதுக்கு 1/1000.
• மீனைக் குத்துறது, பறக்கிறது எல்லாத்துக்கும் 1/2000. பெரிய நாரை மெதுவா இறக்கை அடிக்கும், அதுக்கு 1/1250 கூடத் தாங்கும்.
• அப்பர்ச்சர் எஃப் 5.6, 6.3, உன் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. ரெண்டு பறவை முன்ன பின்ன நின்னா எஃப் 8.
• ஃபோகஸ் 'கன்டினியுவஸ்'ல. பர்ஸ்ட் ஆன். படம் ரா ஃபைல்ல.

ஐ.எஸ்.ஓ. ஏறிடுமேன்னு பயந்து ஷட்டரைக் குறைக்காதே. புள்ளி புள்ளியா இருக்கிற படத்தைச் சரி பண்ணலாம், ஆடிப்போன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது.

7. வெள்ளையை வெளுக்க விடாதே. பத்துக்கு எட்டு பேர் கோட்டை விடுறது இங்கதான், அதனால நிதானமா கேளு. கேமராவுக்குப் புத்தி கிடையாது. ஃப்ரேம்ல இருக்கிற மொத்த வெளிச்சத்தையும் சராசரி பார்த்து, நடுத்தரமா ஒரு அளவு வைக்கும். கரும்பச்சைக் கோரைக்கு முன்னாடி ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு நிக்குதுன்னு வை. கேமரா "ஐயோ, இருட்டா இருக்கே"ன்னு வெளிச்சத்தைக் கூட்டிடும். கோரை அழகா வரும், கொக்கு மேல ஒரு இறகுகூடத் தெரியாது. அங்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 வரைக்கும் இறக்கு. அதே கொக்கு ஃப்ரேம் முழுக்க அடைச்சுக்கிட்டு நின்னா கதையே வேற. "எல்லாம் வெள்ளையா இருக்கே"ன்னு கேமரா வெளிச்சத்தைக் குறைச்சு, கொக்கைச் சாம்பலா காட்டும். அப்போ பிளஸ் பக்கம் கொஞ்சம் ஏத்தணும்.

ஒவ்வொரு தடவையும் இதை யோசிக்க நேரம் இல்லையா? மேனுவல் மோடுக்குப் போயிடு, ஐ.எஸ்.ஓ.வையும் ஆட்டோவுல இருந்து எடுத்துடு. வெயில்ல நிக்கிற ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்துப் பாரு. திரையில வெளுத்த இடம் மினுக்கிக் காட்டுற வசதி பெரும்பாலான கேமராவுல இருக்கு, அதை ஆன் பண்ணி வை. மினுக்கல் நிக்கிற வரைக்கும் வெளிச்சத்தைக் குறைச்சு, அப்படியே விட்டுடு. கொக்கு கறுத்த மரத்துக்கு முன்னாடி பறந்தாலும், வெளிறிய வானத்துக்கு முன்னாடி பறந்தாலும் அது மேல விழுற வெயில் அதேதான். மேகம் மறைச்சா மட்டும் மறுபடியும் சரி பார்த்துக்கோ.

8. கண்ணு ஷார்ப்பா இல்லாட்டி படம் இல்ல. இப்ப வர்ற பல கேமராவுல பறவைக் கண்ணைத் தானே பிடிக்கிற வசதி இருக்கு. பழைய கேமராவா இருந்தா ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தலை மேல வை. எல்லாப் புள்ளியையும் திறந்து விட்டா, முன்னாடி நிக்கிற கோரைப்புல்லைத்தான் அது பிடிக்கும்.

9. குனி. இன்னும் குனி. கரை மேல நின்னு கீழ நோக்கி எடுத்தா, பறவைக்குப் பின்னாடி சேறும் பிளாஸ்டிக் கவரும்தான் தெரியும். கேமரா பறவையோட கண் உயரத்துக்கு இறங்கினா, பின்னணி தூரமா தள்ளிப் போய் வழுவழுன்னு ஒரே நிறமாயிடும். படத்தோட தரம் ஒரே நிமிஷத்துல மாறுறது இதுலதான், பைசா செலவு கிடையாது. ட்ரைபாட் தூக்க முடியலைன்னா பழைய ஜீன்ஸ் காலை வெட்டி ரெண்டு பக்கமும் தைச்சு, உள்ள அரிசியோ பயறோ போட்டுக்கோ. தரையிலயும் வைக்கலாம், கார் கண்ணாடி இறக்கின கதவு மேலயும் வைக்கலாம். கடையில பீன் பேக்னு காசு வாங்கிட்டுக் கொடுக்கிறது இதைத்தான்.

10. காலை வெட்டாதே. நீர்ப்பறவைக்கு அழகே காலுதான். பவளக்காலியோட ரோஸ் நிறக் காலைப் பாதியில வெட்டிட்டு, தலைக்கு மேல காலி வானத்தை விட்டு என்ன பிரயோஜனம்? தண்ணியில பிம்பம் தெரிஞ்சா அதையும் முழுசா சேர்த்துக்கோ. பறவை எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம் இடம் விடு.

பறவையைப் படி

11. நேரா நடந்து போகாதே. நேரா வர்ற எதையும் பறவை எதிரியாத்தான் நினைக்கும். பக்கவாட்டுல, எங்கயோ போறவளாட்டம் கோணலா நட. நாலடி வை, நில்லு, குனி. கழுத்தைச் சுருக்கி வச்சிருந்த கொக்கு திடீர்னு கழுத்தை நீட்டி நிமிர்ந்ததா? இரை தேடுறதை நிறுத்திச்சா? இறகெல்லாம் உடம்போட ஒட்டி ஒல்லியா ஆச்சா? நீ ரொம்பக் கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம். அங்கயே உட்கார். அது மறுபடியும் தண்ணியைப் பார்க்க ஆரம்பிச்ச பிறகு கேமராவைத் தூக்கு. அஞ்சு நிமிஷம் ஆகியும் உன்னையே பார்த்துக்கிட்டு இருந்தா ரெண்டடி பின்னாடி போ. பறக்க விட்டுட்டுப் படம் எடுக்கிறது கெட்டிக்காரத்தனம் கிடையாது.

கார் இருந்தா அதைவிட நல்ல மறைவிடம் இல்ல. ஓரமா நிறுத்து, இன்ஜினை அணை, கண்ணாடியை இறக்கு, உள்ளேயே இரு. நீ கதவைத் திறந்து இறங்கின அடுத்த நொடி எல்லாம் பறந்திடும்.

12. ஒரே மடையானைப் பிடிச்சுக்கிட்டு உட்கார். பத்துப் பறவை பின்னாடி அலையாதே. வாய்க்கால் ஓரத்து மடையானைக் கொஞ்ச நேரம் பாரு. சேத்து நிறத்துல, கழுத்தைத் தோளுக்குள்ள இழுத்துக்கிட்டு, கல்லாட்டம் நிக்கும். மெதுவா ஒரு காலைத் தூக்கும், தூக்கினபடியே நிறுத்தும், தண்ணி கலங்காம வைக்கும். தலை அப்படியே நிலைச்சு நிக்க, உடம்பு மட்டும் முன்னாடி சாயும். அலகு தண்ணியை நோக்கி இறங்கும். அந்தச் சாய்வுதான் உனக்கு மணி அடிக்கிற நேரம். அப்ப ஷட்டரை அழுத்த ஆரம்பி. குத்தின பிறகு அழுத்தினா தண்ணி தெறிக்கிறது மட்டும்தான் கிடைக்கும். ஏன்னா கொக்கு இனத்துக்குக் கழுத்துல ஆறாவது எலும்பு நீளம். கழுத்து எஸ் வளைவா மடங்கி நிக்கிறது அதனாலதான். மடங்கினது விரியுற வேகத்துக்கு உன் விரல் ஈடு கொடுக்காது.

மீன் சிக்கினதும் கேமராவை இறக்கிடாதே. எல்லாரும் இந்த இடத்துல அவசரப்பட்டுத் திரையைப் பார்க்கக் குனிவாங்க. அது மீனை அலகுல திருப்பித் திருப்பி, தலைப்பக்கம் உள்ள போற மாதிரி சரி பண்ணித்தான் விழுங்கும். பெரிய மீனா இருந்தா தூக்கிப் போட்டுப் பிடிக்கும். விழுங்கினதும் ஒரு வாய் தண்ணி குடிக்கும், தலையை உதறும், சில சமயம் மொத்த இறகையும் சிலுப்பும். நல்ல படம் பாதி இந்த ஒரு நிமிஷத்துலதான் இருக்கு. பறக்கப் போறதுக்கும் அறிகுறி உண்டு: உடம்பைத் தாழ்த்தி முன்னாடி சாயும், பெரும்பாலும் எச்சம் போடும். எச்சம் போட்டா ஷட்டர் ஸ்பீடை ஏத்து.

13. ஆளுக்கு ஒரு குணம், தெரிஞ்சு வச்சுக்கோ.

• சின்னக் கொக்கு: மஞ்சள் பாதத்தால சேத்தைக் கிண்டி மீனைக் கிளப்பும். ஓடும், திரும்பும், குதிக்கும். 1/2000-க்குக் கீழ குறைக்காதே.
• சாம்பல் நாரை: வெட்டவெளியில நிக்கும், பொறுமை அதிகம். நீயும் அதே பொறுமையோட இரு.
• செந்நாரை: கோரைக்குள்ள இருக்கும், கழுத்து மட்டும் தெரியும். உள்ள இறங்கித் தேடாதே. கோரை ஓரத்துல காலையில தானா வெளியில வரும்.
• கரண்டிவாயன்: அலகைத் தண்ணிக்குள்ள விட்டு இடமும் வலமும் துழாவிக்கிட்டே போகும், தலை நிமிராது. நிமிருற அந்த ஒரு கணத்துக்குக் காத்திரு.
• நத்தைகுத்தி நாரை: தண்ணிக்குள்ளயே நத்தையோட மல்லுக்கட்டும். தூக்கும்போதுதான் படம். வளர்ந்த பறவைக்குத்தான் அலகுல இடைவெளி தெரியும், குஞ்சுக்கு இருக்காது.
• வக்கா: பகல்ல மரத்துல தூங்கும், அந்தி சாஞ்சாத்தான் கிளம்பும். மங்கின வானத்துல நிழலுருவமா எடு. ஃப்ளாஷ் அடிக்காதே.

இதை மட்டும் செய்யாதே

14. கூட்டுக்குக் கிட்டப் போகாதே. இங்க அக்கா கோபமாத்தான் பேசுவேன். பெரிய கூட்டமா கூடு கட்டியிருக்கிற மரத்துக்குக் கீழ ஒருத்தர் போய் நின்னா என்ன நடக்கும் தெரியுமா? தாய்ப் பறவைங்க எல்லாம் ஒரே நேரத்துல எழும்பும். காக்கா அதுக்காகவே பக்கத்துல காத்துக்கிட்டு இருக்கும், முட்டையைத் தூக்கிட்டுப் போயிடும். பயந்த குஞ்சு கூட்டு விளிம்புக்கு ஓடி, தவறிக் கீழ விழும். விழுந்த குஞ்சைத் தாய் வந்து தூக்காது. வெயில் நேரமா இருந்தா இன்னும் மோசம். மஞ்சள் மூக்கு நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, ரெண்டு இறக்கையையும் விரிச்சுக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கிட்டு மணிக்கணக்கா நிக்கும். குஞ்சு மேல இன்னும் சரியா இறகு முளைச்சிருக்காது. நீ அந்தத் தாயை எழுப்பி விட்டா, குஞ்சு வெயில்ல வதங்கும். ஒரு படத்துக்கு இது தேவையா? அந்தத் தாய் நிழல் கொடுக்கிறதைத் தூரத்துல இருந்தே எடு. கூட்டை மறைக்கிற கிளையை ஒடிக்கவும் கூடாது, அது மறைக்கிறதே குஞ்சைக் காப்பாத்தத்தான்.

15. இன்னும் சில, விளக்கம் வேண்டாம், கேட்டுக்கோ:

• பறக்க வைக்கக் கல் எறியாதே, கைதட்டாதே. பக்கத்துல யாராவது செஞ்சா வாயைத் திறந்து தடு.
• மீன் போட்டு வரவழைக்காதே.
• ட்ரோனைத் தூக்கிட்டுச் சரணாலயத்துக்குப் போகாதே. அனுமதி இல்லாம பறக்க விட்டா குற்றம்.
• படகுக்காரரைக் காசு கொடுத்துப் பூநாரைக் கூட்டத்துக்குள்ள விடச் சொல்லாதே. தூரத்துலயே நிறுத்தச் சொல்லு.
• கூடு இருக்கிற இடத்தை வாட்ஸ்அப்ல, இன்ஸ்டாகிராம்ல லொக்கேஷனோட போடாதே. கறிக்காகக் கொக்கு, மடையான் பிடிக்கிறவங்க நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வலையோ சுருக்கோ கண்ணுல பட்டா, நீயா போய்ச் சண்டை போடாம வனத்துறைக்குச் சொல்லு.

உனக்கும் கேமராவுக்கும்

16. செருப்பு போட்டுக்கிட்டு ஏரிக்கரைக்கு வராதே. சீமைக்கருவேல முள்ளு ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு உள்ள ஏறும். கரைப் புல்லுல, வரப்பு வளையில கண்ணாடி விரியன் இருக்கும். கணுக்காலை மூடுற ஷூ போடு, கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வை, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு குச்சியால புல்லைத் தட்டு. தண்ணி ஆழம் தெரியாம ஒரு அடிகூட உள்ள போகாதே. மண்ணு அள்ளின ஏரியில அடுத்த அடி ஆள் ஆழமா இருக்கும். தனியா போனா எங்க போறேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போ.

17. சிவப்பு, மஞ்சள், பளிச் வெள்ளை வேண்டாம். துவைச்சு வெளுத்த காக்கி, பச்சை, பழுப்பு எது இருந்தாலும் போதும். புள்ளி போட்ட ராணுவச் சட்டைக்குப் பணத்தைக் கொட்டாதே. நிறத்தைவிட அசைவுதான் உன்னைக் காட்டிக் கொடுக்கும். நகை, வளையல் சத்தம் போட்டா கழட்டி வை.

18. ஏ.சி. அறையில இருந்து கேமராவை நேரா ஏரிக்கரைக்குத் தூக்கிட்டு வந்தா லென்ஸ் முழுக்க வேர்த்துப் போயிடும். அது வத்துறதுக்குள்ள சூரியன் மேல ஏறிடும். முந்தின ராத்திரியே பையோட ஏ.சி. இல்லாத ரூம்ல வை. திரும்பி வந்ததும் அப்படியே பையோட பீரோவுக்குள்ள தள்ளாதே. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு மூடி வை. உப்பளம், கடற்கரை போயிட்டு வந்தா லேசா ஈரத்துணியால வெளிப்பக்கம் துடைச்சு, காய வச்சு அப்புறம் வை.

வீட்டுக்கு வந்த பிறகு

19. அன்னைக்கே கழிச்சுக் கட்டு. கண்ணு தெளிவா இல்லாதது, தலை திரும்பினது, இறக்கை வெட்டுப்பட்டது எல்லாத்தையும் இரக்கம் பார்க்காம அழி. ஒரே மாதிரி முப்பது இருந்தா ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு வை. எல்லாத்தையும் வச்சுக்கிட்டா ஹார்ட் டிஸ்க்தான் நிறையும். திருத்தும்போது வெள்ளையைக் கொஞ்சம் இறக்கு, நிழலைக் கொஞ்சம் ஏத்து, போதும். நிறத்தைக் கூட்டிக் கூட்டி மடையானை மயிலாக்காதே.

20. பேரைச் சரியா போடு. "வெள்ளைக் கொக்கு"ன்னு பொதுவா எழுதிட்டுப் போயிடாதே. கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம்னா சின்னக் கொக்கு. ஆள் உயர்ந்து, வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாடி போனா பெரிய கொக்கு. பெரிய கொக்குக்கு அலகு மஞ்சள்தான், ஆனா இனப்பெருக்கக் காலத்துல கறுப்பாயிடும். அதனால அலகு நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கிட்டுப் போனா கொக்கு இனம், சாம்பல் நாரையும் செந்நாரையும் அதுல சேர்த்தி. நீட்டிக்கிட்டுப் போனா மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன்ல ஒண்ணு.

21. படத்தைப் பதிவாக்கு. ஃபேஸ்புக்ல நாலு லைக் வாங்கினதோட விட்டுடாதே. பறவை பார்த்ததைப் பதிவு பண்ற இ-பேர்டு தளத்துல தேதி, இடம், எத்தனை பறவைன்னு பட்டியல் போட்டு, அதோட படத்தையும் சேர்த்து ஏத்து. கூடு இருக்கிற இடமா இருந்தா மட்டும் கூட்டுப் படத்தை ஏத்தாதே. ஒரு ஏரியில என்னென்ன பறவை வந்துச்சுன்னு எழுத்துல இருந்தாத்தான், நாளைக்கு அதுல மண்ணைக் கொட்டி மனை போட வந்தா எடுத்துக் காட்ட முடியும். 2015-ல இருந்து வருஷா வருஷம் பொங்கல் விடுமுறையில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. காசு கட்ட வேண்டாம், யார் வேணும்னாலும் சேரலாம், ஒரு இடத்துல கால் மணி நேரம் நின்னு எண்ணினாப் போதும். வர்ற பொங்கலுக்குப் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு உன் ஊர் ஏரிக்கரைக்குப் போ, எண்ணிப் பட்டியல் போடு.